டெங்குவுக்குப் பிறகு கொட்டிய முடியும், அதோடு போன பணமும்

டெங்கு வந்து போனால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் தட்டணுக்கள் ஏறியதா, வயிறு வலிக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார்கள், சரியானதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியம் முன்னாடியே காதில் விழுந்திருந்தால் அவ்வளவு பயம் இருந்திருக்காது. கைச்செயின் அடகுக்குப் போயிருக்காது, 45,000 ரூபாயும் கரைந்திருக்காது. எங்கள் பக்கம் ஐப்பசி மழை பிடித்தால் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் யாராவது இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் எங்கள் ஊர். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 38. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், அத்தை, பத்தாவது படிக்கும் மகள், மூன்று பேர்தான். தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு டெங்குவில் படுத்தேன். கார்த்திகையில் எழுந்து வேலைக்குப் போனேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் இருந்தேன். பொங்கல் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தபோது, சீயக்காயை அலசி விரலை எடுத்தால் விரலிடுக்கெல்லாம் முடி. தரையில் ஓடிய தண்ணீர் போக இடமில்லாமல் ஜலதாரை வாயில் தேங்கி நின்றது. அடைத்துக்கொண்டிருந்ததை எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கை நிறைய இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது மாசி முழுக்க நிற்கவில்லை. சோற்றில் முடி, கணக்கு நோட்டில் முடி, தலையணையில் முடி. பின்னலின் கனம் குறைந்துகொண்டே வந்து, தஞ்சாவூர்க் கதம்பம் ஒரு முழம் வைத்தால் அது நிற்காமல் நழுவி முதுகில் விழும். பூ வைப்பதை விட்டேன். தை மாதக் கல்யாணங்களுக்கு அத்தையை மட்டும் அனுப்பினேன். வீடியோ காலில் அவரோடு பேசும்போது உச்சி தெரியாத மாதிரி போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வேன். முடிதானே என்று சொல்பவர்களுக்கு அந்த நாட்கள் புரியாது. ராத்திரி மகள் தூங்கிய பிறகு அழுதிருக்கிறேன். உள்ளுக்குள் ஏதோ பெரிய வியாதி இருக்கிறது, அதுதான் இப்படி வெளியே தெரிகிறது என்று உறுதியாக நம்பினேன். அவரிடம் சொன்னால் அங்கே நிம்மதி போய்விடும் என்று சொல்லவும் இல்லை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முதல் காரணம் போர்த் தண்ணீர். உப்புத் தண்ணீர்தான் முடியைக் கொட்ட வைக்கிறது என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள், கேன் தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றியும் பார்த்தாயிற்று. தண்ணீரா வேறெதுவா என்று பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருப்பது பிறகுதான் தெரிந்தது. விழுந்த முடியை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனையில் சின்னதாக வெள்ளைப் புள்ளி இருந்தால் அது உள்ளிருந்து உதிர்ந்த முடி. இரண்டு முனையிலும் புள்ளி இல்லாமல், நீளமும் ஒழுங்கில்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அது நடுவில் உடைந்த முடி. கடின நீர், முடியை நேராக்கும் சூடான இஸ்திரி, இறுக்கமான சிக்கு எல்லாம் பெரும்பாலும் உடைக்கத்தான் செய்யும். என்னுடையது எல்லாமே வெள்ளைப் புள்ளியோடு இருந்தது. அதைப் பார்த்து "வேரோட வந்துடுச்சே" என்று அத்தை நெஞ்சில் கை வைத்தார்கள். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை அப்படித்தான் இருக்கும். முடியை உண்டாக்கும் பை தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. இது தெரிந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் பாதி பயம் அன்றைக்கே போயிருக்கும்.

அத்தை வரப்பில் கரிசலாங்கண்ணி பறித்துவந்து, சாறெடுத்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தார்கள். அந்த எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்ல மாட்டேன். தலைக்கு இதமாக இருந்தது, சிக்கு குறைந்தது, முடி உடைவது குறைந்தது. ஆனால் எண்ணெய் மேலே செய்யும் வேலை வேறு, உள்ளே பையில் நடப்பது வேறு. அதற்கு எண்ணெய் பொறுப்பில்லை. எண்ணெய் தேய்த்த அன்று நிறைய விழுகிறதே என்று சிலர் தேய்ப்பதையே நிறுத்துவார்கள். குளித்தால் கொட்டுகிறது என்று வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைப்பவர்களும் உண்டு. ஏற்கெனவே பிடி விட்ட முடி தேய்க்கும்போதும் அலசும்போதும் வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஐந்து நாள் குளிக்காமல் இருந்தால் ஐந்து நாள் முடியும் ஒரே நாளில் கையில் வரும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும்.

இனி அந்த கிளினிக். பேர் வேண்டாம். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருந்தது. "முதல் பரிசோதனை இலவசம்" என்று போனில் விளம்பரம் பார்த்துப் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் உச்சந்தலையில் ஒரு கேமராவை வைத்து டிவியில் பெரிதாக்கிக் காட்டினார். வெறும் தோல்தான் தெரிந்தது, அங்கங்கே ஒற்றை முடி. "பாருங்க மேடம், இந்த எடமெல்லாம் வேர் மூடிட்டு வருது. இன்னும் ஆறு மாசம் விட்டீங்கன்னா எங்களாலயே ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். காய்ச்சல் வந்ததா என்று கேட்கவில்லை. மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் கேட்கவில்லை. ஆறு மாத பேக்கேஜ் 36,000 ரூபாய், இன்றைக்கே கட்டினால் ஷாம்பூ இலவசம். ரத்தம் எடுத்து, அதைச் சுழற்றி, அதிலிருந்து பிரித்ததைத் தலையில் ஊசியாகப் போடும் பிஆர்பி சிகிச்சை மாதம் ஒருமுறை. அதோடு அவர்களிடமே வாங்க வேண்டிய பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை, சீரம். பயம் கழுத்தைப் பிடித்திருக்கும்போது ஆறு மாதம் என்று ஒருவர் கெடு வைத்தால் யோசனை ஓடாது. மறுநாள் கூட்டுறவு வங்கியில் கைச்செயினை நகைக்கடனில் வைத்துக் கட்டினேன். மகளுக்கு டியூஷன் சேர்க்க எடுத்துவைத்திருந்த பணத்தில் மாத்திரையும் சீரமும் வாங்கினேன்.

பிஆர்பி ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. பரம்பரையாக முடி மெலிகிறவர்களில் சிலருக்கு அது உதவுகிறது, தகுதியான தோல் மருத்துவர்களும் செய்கிறார்கள். காய்ச்சலுக்குப் பின் கொட்டுகிற முடிக்கு அது தேவையில்லை என்பதுதான் என் விஷயம். என்ன வகை என்று பார்க்காமலே ஊசி குத்தினார்கள், அதுதான் எனக்குக் கோபம். இதில் உள்ள கணக்கைக் கவனியுங்கள். காய்ச்சலால் கொட்டும் முடி பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும். அவர்கள் விற்பது ஆறு மாத பேக்கேஜ். ஐந்தாம் மாதம் முடி நிற்கும், நாமும் நன்றி சொல்லி இன்னும் நான்கு பேரைக் கூட்டிப் போவோம். அப்படிச் சொல்லக் கேட்டுத்தான் என் கூட வேலை பார்த்த ஒரு தங்கை எனக்கு அந்த விளம்பரத்தையே அனுப்பியது. அதன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அதுவும் நம்பித்தான் அனுப்பியது.

இந்த மாதிரி இடத்துக்குப் போவதானால் முதலில் பார்க்கிறவர் யார் என்று கேளுங்கள். தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.டி. டி.வி.எல். அல்லது டிப்ளமோ படித்திருப்பார், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். முடி நிபுணர் என்று போர்டில் எழுதிக்கொள்வது அதற்கு ஈடாகாது. பதிவு எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம். வழுக்கையைக் குணப்படுத்துவோம் என்று உத்தரவாதம் கொடுத்தால் அதுவே ஒரு எச்சரிக்கை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. இன்னின்ன நோய்களைத் தடுப்பதாகவோ குணமாக்குவதாகவோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிற பட்டியல் அது. வழுக்கையும் அதில் இருக்கிறது. அப்புறம், அன்றைக்கே கட்டினால்தான் சலுகை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முடி விஷயத்தில் ஒரு வாரம் யோசிப்பதால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகாது.

அந்த பயோட்டின் மாத்திரையால் வந்த வினையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனி வாக்கில் எனக்குப் படபடப்பு, தூக்கமில்லை. கவலையில் யாருக்குத்தான் வராது? பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன், தைராய்டு பார்த்துவிடலாம் என்றார். நல்ல யோசனைதான், தைராய்டு கோளாறிலும் முடி கொட்டும். ரிசல்ட்டில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் மிகக் குறைவு, தைராய்டு சுரக்கும் டி4 அதிகம். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, மாத்திரை ஆரம்பியுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் பயந்த பெரிய வியாதி வந்தேவிட்டது என்று நினைத்தேன். மாத்திரையை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, அதை விழுங்கும் முன் பெரிய இடத்தில் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியதால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். அங்கே தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா என் பையைக் கவிழ்க்கச் சொல்லி ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். பயோட்டின் அட்டையில் 10 மில்லிகிராம் என்று இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு மனுஷிக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். முந்நூறு மடங்குக்கும் மேல் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில லேப்களில் செய்கிற பரிசோதனை முறையே குழம்பிவிடும், தைராய்டு நன்றாக இருந்தாலும் அதிகம் சுரப்பது போலக் காட்டும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் இது குழப்பும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே எச்சரித்திருக்கிறது. "இதை நிறுத்துங்கம்மா, ஒரு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் குடுங்க" என்றார். கொடுத்தேன். தைராய்டில் ஒன்றுமே இல்லை. வாங்கி வைத்திருந்த மாத்திரையை அப்படியே மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

பயோட்டின் குறைபாடு சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மிக அரிது. குறைபாடு இல்லாதவர்களுக்கு அதைக் கொடுத்தால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஆனாலும் முடி என்றாலே எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், மருந்துக்கடையிலும் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எந்த ரத்தப் பரிசோதனைக்குப் போனாலும் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், டாக்டரைக் கேட்டு அதற்கு முன் சில நாள் நிறுத்துங்கள்.

தஞ்சாவூருக்கு விடியற்காலைப் பஸ்ஸில் போய் ஓ.பி. சீட்டு எடுத்து வரிசையில் நின்றதற்கு எனக்குக் கிடைத்த பலன் அந்தப் பேச்சுதான். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆறு மாசத்துக்குள்ள பெரிய காய்ச்சல் ஏதும் வந்துச்சா?" தலையில் ஒரு சின்னக் கொத்தை விரலில் பிடித்து மெதுவாக இழுத்தார், எத்தனை வருகிறது என்று எண்ணினார். நாலைந்து இடத்தில் அப்படிச் செய்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருஷம் வளரும், அப்புறம் மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும், பிறகு உதிரும், அதே பையிலிருந்து புதுசு முளைக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். "நம்ம ஊர் வயல் மாதிரின்னு வச்சுக்கங்க. ஒரு வயல்ல நாத்து, ஒண்ணுல கதிர், ஒண்ணுல அறுப்பு, அதனால ஊர் எப்பவும் பச்சையா தெரியும். காய்ச்சல் வந்து எல்லாத்தையும் சேத்து ஒரே நேரத்துல அறுப்புக்குக் கொண்டாந்துடுச்சு. வயல் எங்கயும் போகல, நாத்து வரும்." ஓய்வுக்குத் தள்ளப்பட்ட முடி கீழே விழ இரண்டு மூன்று மாதம் எடுப்பதால்தான் ஐப்பசிக் காய்ச்சலுக்குத் தையில் கொட்டியது. முடி கொட்டுகிற மாதத்தில் காரணத்தைத் தேடாதீர்கள், மூன்று மாதம் பின்னால் போய்த் தேடுங்கள். டெங்கு, டைபாய்டு, கொரோனா, ஆபரேஷன், பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தது, தாங்க முடியாத துக்கம், எதுவாகவும் இருக்கலாம்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தை முகம் பார்த்து நன்றாகச் சிரிப்பதும் இரண்டு மூன்று மாதத்தில்தான். அந்தக் கணக்கை அவர்கள் எப்போதோ கவனித்து வைத்திருக்கிறார்கள். என் மகள் பிறந்தபோது எனக்கும் கொட்டியது, வந்தும் விட்டது. அத்தைக்கு இது நினைவு வந்ததும்தான் வீட்டில் கலக்கம் தணிந்தது.

காய்ச்சல் மட்டும் என்றால் இதோடு முடிந்திருக்கும். எனக்கு ஹீமோகுளோபின் 10.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. உடம்பில் இரும்புச்சத்து இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை வெளியே எடுத்தேன், 9 என்று வந்தது. இருப்பு காலி என்று அர்த்தம். வருஷக்கணக்காக மாதவிடாயில் அதிகம் போய்க்கொண்டிருந்தது, அதை நான் ஒரு நோயாக நினைத்ததே இல்லை. நம் பெண்கள் பெரும்பாலும் நினைப்பதில்லை. முடிக்காகப் போன இடத்தில் அதற்கும் மகப்பேறு பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இரும்பு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டார்கள், ஆனால் அதைச் சாப்பிடும் முறைதான் முக்கியம். சாப்பாடு முடிந்த கையோடு டிகிரி காபி குடிப்பது கும்பகோணத்துக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. காபியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளவிடாமல் தடுக்கும். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார்கள், நான் இரண்டு மணி நேரம் விட்டேன். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடக் கூடாது, இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும்.

சித்திரை முடியும்போது கொட்டுவது நன்றாகக் குறைந்தது. ஆனால் வகிடு மட்டும் அகலமாகவே இருந்தது. அடுத்த முறை போனபோது டாக்டரம்மா டெர்மாஸ்கோப் என்கிற சின்னக் கருவியை வகிட்டில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கும் காட்டினார். தடித்த முடி, பக்கத்திலேயே நூலாக இளைத்த முடி, மாறி மாறி இருந்தது. பரம்பரையாக வரும் மெலிவு இது. என் அம்மாவுக்கும் இப்படித்தான் வகிடு. ஆண்களுக்கு நெற்றி ஏறி உச்சி காலியாகும், பெண்களுக்கு நெற்றி வரம்பு அப்படியே இருக்க வகிடு மட்டும் விரிந்துகொண்டு வரும். இது முன்பே மெதுவாக ஆரம்பித்திருக்க வேண்டும், டெங்கு வந்து அதை வெளியே காட்டிவிட்டது. ஒரே தலையில் இரண்டு விதமான முடி உதிர்வு இருக்கலாம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்று தானாகச் சரியாகும். இன்னொன்று மருந்து போட்டால் நிற்கும், போடாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும்.

அதற்கு எழுதிக் கொடுத்தது மினாக்சிடில். முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் போடும் மருந்தாக ஆக்கினார்கள். அமெரிக்காவில் 1988-இல் அனுமதி கிடைத்தது. 60 மில்லி பாட்டில், நாளுக்கு 1 மில்லி போட்டால் இரண்டு மாதம் வரும். இதை ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருக்கிற பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்புவதால் அப்படி. பாதிப் பேர் இங்கேதான் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். எனக்கு முன்னாடியே சொல்லிவிட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன், இரண்டாவது மாதத்தில் அடங்கியது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் மருந்தால் வந்த முடி சில மாதத்தில் போய்விடும், ஆகவே இது நீண்ட காலச் செலவு என்று தெரிந்தே ஆரம்பியுங்கள். தலைத்தோலில் படவேண்டும், முடியில் இல்லை. போட்ட பிறகு கையைக் கழுவ வேண்டும், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்தில் பட்டுக் கன்னத்தில் பூனைமுடி வரும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் போடக் கூடாது. இதய நோய் இருப்பவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், இந்த மருந்து துளி பட்டு நக்கினால்கூடப் பூனை செத்துப்போகலாம்.

மன்னார்குடியில் இருக்கிற என் தம்பிக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டிருக்கிறது. அவன் நண்பர்கள் சொல்லி ஃபினாஸ்டெரைடு மாத்திரையை மருந்துக்கடையில் தானாகவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டெரோன் டிஎச்டி என்று மாறுவதைத் தடுக்கும் மருந்து அது. டிஎச்டிதான் பரம்பரை உணர்திறன் உள்ள முடிப்பைகளைச் சுருக்குகிறது, அதனால் ஆண்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. சிலருக்கு ஆசை குறைவது, ஆண்மைக் குறைபாடு, மனச்சோர்வு வரலாம். அப்படி வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தது. உடைந்த ஃபினாஸ்டெரைடு மாத்திரையைக் கர்ப்பிணி கையால் தொடவே கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கலாம். அவன் அதைப் பாதியாக உடைத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அந்தத் தூள் மேசையெல்லாம். கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. நல்லவேளை, பிறந்தது பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை ரத்ததானமும் செய்யக் கூடாது.

புழுவெட்டு பற்றியும் கேட்டுக்கொண்டேன், பக்கத்து வீட்டுப் பையனுக்காக. வட்டமாக, வழவழப்பாக ஒரு இடம் காலியாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடியையே தாக்குவதால். புழு எதுவும் இல்லை. சின்ன இடமாக இருந்தால் பலருக்குத் தானாகவே முளைத்துவிடும், இல்லையென்றால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதே இடம் செதிலாக, அரிப்போடு, முடி குட்டையாக ஒடிந்து இருந்தால் அது படர்தாமரை. அதற்கு மேலே களிம்பு போட்டால் போதாது, மாத்திரை சாப்பிட வேண்டும். சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளும் முன் எது என்று பார்த்துவிடுங்கள். தோல் தழும்பாகி, முடித்துவாரமே தெரியாமல் பளபளப்பாகப் போய்க்கொண்டிருந்தால், எரிச்சலும் வலியும் இருந்தால், அதில் மட்டும் தாமதம் கூடாது. அந்த வகையில் போன முடி திரும்பாது.

கிளினிக்கில் மீதி ஊசிகள் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பேக்கேஜில் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். ரசீது, அவர்கள் வாட்ஸப்பில் அனுப்பிய செய்திகள், தஞ்சாவூர் சீட்டு எல்லாம் கையில் இருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்கு வழக்குப் பதிய கட்டணம் இல்லை என்றும் தெரிந்துகொண்டேன். அங்கே போவேன் என்று எழுத்தில் அனுப்பியதும் 14,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். ரசீது இல்லாமல் ஜிபேயில் தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், அப்புறம் கேட்க வழி இருக்காது.

எனக்கு முடி வந்தால் வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போடுவதாக அத்தை எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்ற நினைப்பும் அதில் இருந்தது. மழித்த முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரியும், பையில் எதுவும் மாறாது. வேண்டுதல் வேறு, அதை வைத்தியமாக எண்ணுவது வேறு என்று அத்தையிடம் பேசினேன். குருக்களைக் கேட்டு, கொஞ்சம் முடியை மட்டும் வெட்டிக் காணிக்கையாக்கும் பூமுடி கொடுத்தால் போதும் என்று அத்தையே முடிவு செய்தார்கள். ஆடி மாதம் குடும்பத்தோடு போய்ச் சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்துக் கும்பிட்டு வந்தோம். கணவரிடம் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் கூட இருந்திருப்பேனே என்று கோபப்பட்டார்.

இப்போது நெற்றியோரம் ஒரு விரல் நீளத்துக்குக் குட்டை முடி வரிசையாக நிற்கிறது, எண்ணெய் வைத்தாலும் படியாது. அது புது முடி. மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பின்னலோடு சேர இரண்டு வருஷமாவது ஆகும். வகிடு முன்பிருந்த அகலத்துக்குப் போகவில்லை, ஆனால் மேலும் விரியவில்லை. இரும்பு இருப்பு ஏறிவிட்டது. மினாக்சிடில் தொடர்கிறது.

நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போவதாக இருந்தால், கடந்த ஒரு வருஷத்தில் வந்த காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், எடைக் குறைவு எல்லாம் எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், சத்து மாத்திரைகளையும் சேர்த்து, அட்டையோடு எடுத்துப் போங்கள். அப்பா அம்மா வீட்டில் யாருக்கு எப்படி முடி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் வகிட்டைப் படம் எடுங்கள், தினமும் கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. போகிற அன்று எண்ணெய் வைக்காதீர்கள், தலைச்சாயமும் வேண்டாம், கருவியில் தோல் சரியாகத் தெரியாது. தஞ்சாவூர் போகிறவர்கள் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் சேர்வதற்குள் போனால்தான் நிதானமாகப் பேச முடியும்.